செல்வி வாங்கித் தந்த முழு மார்க்

செவ்வாய், தாராவி.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இனி பயிற்சியெல்லாம் மொபைலில்தானாம். அதற்குத் திட்டம் போடும் ஜெயா மேடம், ஆசிட்டைக் கையாளும் முதல் பாடத்தை லேப் வேலைக்காரர்களான எங்களுக்கு அனுப்பி, மொபைலிலேயே பரீட்சையும் வைத்தார். எல்லோருக்கும் முழு மார்க்.

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த சலீம் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றப் போனான். கொதித்து முகத்தில் தெறித்திருக்கும். கையைப் பிடித்துவிட்டேன்.

"அரே சலீம், ஆசிட்டையில்லா தண்ணியில ஊத்தணும்லே? இதுவாலே முழு மார்க் வாங்குன கை?"

"அது எங்க வீட்டுக்காரி கை அண்ணாச்சி."

சிரித்துவிட்டேன். என் பரீட்சையை எழுதியதும் என் மனைவி செல்விதான்.

சாயங்காலம் மேடம் வந்தார். "மணி, எல்லாரும் பாஸ். நேர்ல நடத்துற கிளாஸை நிறுத்திடலாம்னு நாளைக்கு டைரக்டர்கிட்ட சொல்லப்போறேன். நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க."

தலையாட்டிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் மேடத்தின் உழைப்பு வீண். சலீமின் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால், அடுத்து வருகிறவன் கையைப் பிடிக்க யார் நிற்பார்கள்?

என்ன செய்யலாம் என்று செல்வியைக் கேட்டேன்.

"பரீட்சையில நாலு பதில் குடுத்திருந்தாங்க, ஒண்ணை அமுக்குனேன். இதுக்கு ஒண்ணுமே குடுக்கலியேங்க" என்றாள்.