வாஷிங் மெஷின் இருந்த இடம்

ஜனவரி 8, திங்கள்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி வந்து உட்கார்ந்திருக்கிறது. கழிவுக் குழாயைக் கழற்றியாயிற்று. இனிமேல் பாத்திரம் கழுவும் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. வாளிக்கு வரும், வாளியிலிருந்து பால்கனிச் செடிகளுக்குப் போகும். கழற்றியது பிளம்பர். பக்கத்தில் நின்று அவருக்கே விளக்கம் சொன்னது என் வீட்டுக்காரர். ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் எங்கள் குடியிருப்பின் பசுமைக் குழுவுக்குத் தலைவர். நானும் இங்கே தலைவர் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு வேண்டாம்.

வாளியை யார் தூக்குவது என்று கேட்டேன். "யார் பாத்திரம் கழுவுறாங்களோ அவங்க" என்றார். பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல.

முதல் வாளியை நான் தூக்கிப் போகும்போது போனில் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரியேன்" என்றார். படத்தில் என் முகம் வரவில்லை, கை மட்டும். அதைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்: 'எங்கள் வீட்டில் இன்று நூறு லிட்டர் தண்ணீர் மிச்சம்.' பதினைந்து லிட்டர் வாளி. இரண்டு முறை தூக்கினேன். நூறு எங்கிருந்து வந்தது? அதை விடு, 'எங்கள்' எங்கிருந்து வந்தது?

ஜனவரி 10, புதன்

குளியலறைக் கதவில் புதுச் சீட்டு: 'ஐந்து நிமிடத்தில் குளிப்போம்.' ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனார். இருபத்திரண்டு நிமிடம்.

ஜனவரி 14, ஞாயிறு

இன்று பிளாஸ்டிக் ஒழிப்பு. பதினைந்து வருடமாக நான் வைத்திருந்த டப்பாக்கள் அத்தனையையும் மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டார். ஒன்றிலும் விரிசல் கிடையாது, மூடி தொலைந்ததும் கிடையாது. பதிலுக்குக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியும் அட்டைப் பெட்டிக்குள், அட்டைக்குள் தெர்மாகோல், தெர்மாகோலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை. உறையை எல்லாம் பிரித்துப் போட்டு ஜாடிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். உறைகள் படத்தில் இல்லை.

"இருக்கிற டப்பாவை உடையிற வரைக்கும் வெச்சுக்கறதுதானே சிக்கனம்?" என்றேன்.

"நீ சின்ன விஷயமா பாக்கிற. இது ஒரு மனமாற்றம்."

மனம் மாறுவதற்கு இவ்வளவு தெர்மாகோல் வேண்டுமா?

ஜனவரி 18, வியாழன்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இன்று நல்ல வேலை. ஆபரேஷன் தியேட்டர் துணி மட்டும் பதினோரு வண்டி. பொறுப்பாளர் என்று எனக்குப் பெயர், ஆனால் கூட நின்று பிரித்துப் போடாவிட்டால் நடக்காது.

இரவுச் சாப்பாட்டின்போது தலைவர் தண்ணீர் சேமிப்பு பற்றி ஆரம்பித்தார். சரி, தெரிந்ததைச் சொல்வோமே என்று சலவைப் பிரிவில் இருக்கும் எங்கள் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். துணியைக் கடைசியாக அலசிய தண்ணீர் ஏறக்குறைய சுத்தமாகத்தான் இருக்கும். அதைப் பிடித்து வைத்து அடுத்த நடையின் முதல் துவைப்புக்கு விடுகிறோம், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம், வீட்டிலும் செய்யலாம் என்றேன்.

"அது ஆஸ்பத்திரி, இது வீடு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றார். சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

இருபத்தேழு வருடமாக நான் அங்கே என்ன செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ.

ஜனவரி 22, திங்கள்

பால்கனியில் காய்கறிக் கழிவைப் போட்டு உரமாக்கும் தொட்டி வைத்து ஒரு வாரம். இலை தழையோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மிஞ்சின தயிர், பொரித்த எண்ணெய், எல்லாவற்றையும் கொட்டி, 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்றார். இயற்கை பார்த்துக்கொண்டது. ஈ மொய்க்கிறது, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்து கதவைத் தட்டினார். நான் உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தலைவர் சொன்னது காதில் விழுந்தது:

"என் வொய்ஃப்கிட்ட பொறுப்பா விட்டிருந்தேன். கவனிக்கல போலிருக்கு. நான் சொல்றேன்."

போலிருக்கு!

வேலை முடிந்து வந்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தொட்டியை நான்தான் காலி செய்தேன். அந்த நேரம் அவர் குழுவுக்கு மண்புழுவின் மகிமை பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 27, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

வேலையிலிருந்து வந்தேன். குளியலறைக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின் இல்லை. அது இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது. குழாய் வாயில் துணி அடைத்துக் கட்டியிருக்கிறது. திருட்டா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

காவலாளி குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாராம். காலையில் குழுக் கூட்டத்தில் அறிவித்தாராம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மெஷின்? கரண்டும் மிச்சம். கையால துவைச்சா உடம்புக்கும் நல்லது."

யார் உடம்புக்கு? யார் உடம்புக்குங்க? காலைல ஏழு மணிலேர்ந்து ஊர் உலகத்துத் துணியெல்லாம் துவைச்சிட்டு வரேன் நான். ரத்தம், சீழ், மருந்து, எல்லாம். வீட்டுக்கு வந்து மறுபடி குத்துக்கால் போட்டு உக்காந்து உங்க பேன்ட்டைத் தேய்க்கணுமா? கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன். அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "திருப்பி வாங்க முடியுமா?"

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அசிங்கம்" என்றார். அது உண்மைதான். காவலாளியின் மனைவி மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கும் வராதும்மா" என்றாள். நான் தலையாட்டினேன். என்னையும் சேர்த்து மாட்டிவிட்டார்.

ஜனவரி 28, ஞாயிறு

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். சொன்னேன். "அப்பாவுக்கு ரிடையர் ஆனதும் ஒரு பிடிப்பு வேணும்லம்மா. கொஞ்சம் விட்டுக்குடு" என்றாள். அவள் வீட்டில் இரண்டு மெஷின். துவைக்க ஒன்று, காய வைக்க ஒன்று.

ஜனவரி 29, திங்கள்

இன்றிலிருந்து என் துணியை மட்டும் துவைக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மூன்றாம் நாள் சட்டை, நான்காம் நாள் ஆகி, இன்று தலைவர் இறங்கி வந்தார். குளியலறையில் பெரிய சத்தம். வெள்ளைச் சட்டைகளையும் புது நீலத் துவாலையையும் ஒன்றாக ஊறப் போட்டிருக்கிறார். நான்கு சட்டையும் ஆகாய நீலம். தலைவரின் சாயம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன், துவாலை முந்திக்கொண்டது.

பிறகு போர்வை. அதைப் பிழிய முடியாமல் ஒரு முனையைக் குழாயில் கட்டி மறு முனையை முறுக்கினார். குழாய் ஆடிற்று. கதவு பாதி திறந்திருந்தது, நான் பார்த்துக்கொண்டே நடந்து போனேன். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

குழாயைத் திறந்துவிட்டுத்தான் அலசுகிறார். முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது, எதிரே அவரே ஒட்டிய சீட்டு, 'ஒவ்வொரு துளியும் உயிர்.'

"மெஷின்ல இதுல கால்வாசித் தண்ணிலேயே முடிஞ்சிருக்கும்" என்றேன்.

குழாயைக் கொஞ்சம் குறைத்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று பொது அறையில் தலைவரின் உரை: 'வீட்டில் பசுமையாக வாழ எளிய வழிகள்.' பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் போவதாக இல்லை. மாடி வீட்டு டீச்சர்தான் இழுத்துப் போனார். தனியாக இருப்பவர், பொழுது போக வேண்டுமே.

திரையில் படங்கள். என் கை வாளியோடு வந்தது. ஜாடிகள் வந்தன. அப்புறம், "நாங்கள் வாஷிங் மெஷினைத் துறந்துவிட்டோம். கையால்தான் துவைக்கிறோம். எளிதான வேலைதான்" என்றார். ஆகாய நீலச் சட்டையில் நின்றுகொண்டு.

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "சார், எனக்குத் தினமும் ஒரு மூட்டை குழந்தைத் துணி. தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுல யார் துவைக்கிறாங்க?"

"நாங்க... சேர்ந்துதான்" என்றார். என்னைப் பார்த்தார். பேசாமல் இரு என்ற பார்வை. எத்தனை வருடப் பார்வை அது!

எழுந்துவிட்டேன். திட்டம் எதுவும் இல்லை, கால் தானாக எழுந்தது.

"பத்து நாளா அவர் துணியை அவர் துவைக்கிறார். அதுக்கு முன்னாடி இருபத்தொன்பது வருஷம் நான். மெஷினைக் குடுத்தது எனக்கே வேலையிலிருந்து வந்தப்புறம்தான் தெரியும். நீ உன் மெஷினைக் குடுத்துடாதேம்மா."

அறையே சிரித்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள். அதனால் சொன்னேன். பாதி நிறைந்த மெஷினை ஓட்டாதே, நிறையச் சேர்த்துப் போடு. அழுக்கைத் தண்ணீர் ஊற்றிப் போக்காதே, முதலில் காய்ந்த துணியால் துடைத்தெடு. சோப்பு பாதி போதும், அதிகம் போட்டால் அலசத்தான் அதிகத் தண்ணீர். கடைசி அலசல் தண்ணீரை வாளியில் பிடித்து வை. ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி கேட்டாள். காகிதம் தேடினார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

எல்லாம் முடிந்து பார்த்தால், திரையில் நான்காவது படத்தோடு நின்றிருந்தது. தலைவர் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

பேசவில்லை. நானும்தான். வருத்தம் கிடையாது. அந்த ரிமோட் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. நிற்கட்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

சீட்டுகளை எல்லாம் கிழித்துவிட்டார். சுவரெல்லாம் பசை. சமையலறைத் தொட்டிக் குழாயைப் பழையபடி மாட்டியாயிற்று, வாளியும் போயிற்று. பாத்திரம் கழுவினால் தண்ணீர் நேராகச் சாக்கடைக்கு. குழுவிலிருந்தும் விலகிவிட்டாராம்.

கை தட்டினால்தான் பூமியைக் காப்பாற்றுவாராம், இல்லாவிட்டால் அது எக்கேடு கெட்டுப் போகட்டுமாம். இதுவும் அதே திமிர்தான்.

ஆனால் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சத்தம் முன்பு கேட்டதில்லையே? செடிகள் வாடியிருக்கின்றன. இரண்டு குவளை ஊற்றினேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பேசிவிட்டேன். நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டு.

"நீங்க செய்ய நினைச்சது தப்புன்னு நான் எப்பவாவது சொன்னேனா? என்னைக் கேக்காம செஞ்சீங்க. அப்புறம் என் மேலேயே பழியும் போட்டீங்க. அதுதான்."

அவர் சொன்னார்: "ஆபீஸ்ல ஒரு சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டா நடந்துடும். முப்பத்தி மூணு வருஷம் அப்படித்தான். எழுதி ஒட்டினா நடந்துடும்னு நெனச்சேன்."

"நடந்துச்சே. நான் நடத்தினேன். ஆபீஸ்லயும் யாரோ நடத்தியிருப்பாங்க."



பிப்ரவரி 24, சனி

நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு, வேவு பார்க்கவா என்றேன். சும்மா என்றார். அழைத்துப் போனேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வந்த மேலதிகாரி மாதிரி நுழைந்தார். பத்து நிமிடத்தில் அந்தச் சூட்டில் சட்டை நனைந்து, கை முன்னால் வந்துவிட்டது. மேலே இருக்கும் அலசல் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். மெஷின் ஓட்டுபவர், "அம்மாவோட யோசனைதான் சார். என்ஜினியரே முதல்ல ஒத்துக்கல" என்று பெருமையடித்தார்.

திரும்பும் வழியில் கேட்டார், "எத்தனை வருஷமா இருக்கு இது?"

"பதினொண்ணு."

"சொன்னதே இல்லையே நீ."

"போன மாசம் சொன்னேன்."



மார்ச் 3, ஞாயிறு

புது மெஷின் வாங்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். டீச்சர் வீட்டு மெஷின் ஒற்றை ஆளுக்காகப் பாதி கூட நிறையாமல் ஓடுகிறது. வாரம் இரண்டு நாள் இரண்டு வீட்டுத் துணியும் சேர்ந்து போகும். டீச்சருக்கும் சம்மதம். மூட்டையை மாடிக்குத் தூக்குவது யார் என்று நான் கேட்கவில்லை, அவரே தூக்கினார். வழியில் ஒரு சாக்ஸ் விழுந்தது. அதையும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பசுமைக் குழுவுக்கு என்னைத் தலைவராகக் கேட்கிறார்கள். நாற்காலி வேண்டாம், ஏதாவது சந்தேகம் என்றால் வந்து கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

மூன்று நாளாகக் காய்ச்சல். இன்றுதான் பேனாவைப் பிடிக்க முடிகிறது. மாத்திரை, வெந்நீர், ஏதோ ஒரு குழைந்த சாதம், எல்லாம் நேரத்துக்குக் கட்டிலுக்கு வந்தது. சாதத்தில் உப்பில்லை.

படுத்தபடி வீட்டின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாத்திரம் மோதுவது, பெருக்குவது, போன் பேச்சு மட்டும் இல்லை. மதியம் அறைக் கதவருகே வந்து நின்றார். கால்சட்டை முழங்கால் வரை மடித்து, கையில் என் ஆஸ்பத்திரிச் சீருடை. இன்று டீச்சர் வீட்டு மெஷின் நாள் இல்லை.

"இதை என் துணியோட சேத்து ஊற வெக்கலாமா, தனியாவா?"

காய்ச்சலில் காதில் சரியாக விழவில்லையோ என்று, "என்ன கேட்டீங்க?" என்றேன்.

மறுபடியும் கேட்டார்.

"தனியா. வெந்நீர்ல" என்றேன்.

"சரி" என்று போய்விட்டார்.

பால்கனியில் அது இப்போது சொட்டிக்கொண்டிருக்கிறது. சரியாகப் பிழியவில்லை. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.