பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஸ்ராட் சுவிச்

இஞ்சாருங்கோ,

நான் அம்மா வீட்டை போறன். நாளைக்குத் தம்பியின்ர முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை. உங்களை வரவேண்டாமாம், அம்மா சொல்லிவிட்டவ. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியேல்லை, அதுதான் எழுதிறன்.

சோறும் பருப்பும் அடுப்படியில் மூடி இருக்கு. பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது உழவு மிசினின்ர ஸ்ராட் சுவிச். பழைய மொடல், எங்கேயும் இல்லை எண்டனீங்கள். உப்புக்குளத்தில் பழைய பாட்ஸ் விக்கிற லோறன்ஸ் அண்ணை நான் கேட்ட உடனே எடுத்துத் தந்தார். “விதைப்புக்கு முதலே உன்ர மனுசன் பிரசாந்தனுக்குச் சுவிச் இருக்கெண்டு சொன்னனான், தங்கச்சி. ஸ்குறூட்றைவர் இருக்குத்தானே எண்டவர்” எண்டார்.

சுவிச்சுக்குப் பதிலா அந்த ஸ்குறூட்றைவரை வைச்சுக் கீழே நிண்டு ஸ்ராட் பண்ணத் தம்பிக்குப் பழக்கினது நீங்கள்தான். கியரில் கிடந்த மிசின் அவனுக்கு மேலே ஏறிச்சுது.

லோறன்ஸ் அண்ணை சொன்னதை அங்கே நான் சொல்லமாட்டன். அம்மாவின்ர கோபம் இப்பவே போதும்.

மிசின் சாவி ஆணியில் தொங்குது. கோழிகளை அடைச்சுவிடுங்கோ.

ஸ்குறூட்றைவரைத் தேடாதேங்கோ, கிணத்துக்குள்ளே போட்டிட்டன்.

சுவிச்சைப் பொருத்தாமல் மிசினில் கை வைக்காதேங்கோ. உங்கட பாடையைத் தூக்க என்னட்டை இன்னொரு தம்பி இல்லை.