ஐந்தருவித் தண்ணீரும் ஆறு பேட்டரியும்

மே 12, திங்கள்

எங்கள் குற்றாலம் லாட்ஜின் பேட்டரி வண்டி, மேல் காட்டேஜுக்கு ஏறும் மேட்டில் இன்றைக்கும் நின்றுவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, அவருடைய பெட்டிகள், எல்லாம் பாதி வழியில். நானும் டிரைவர் கடற்கரை அண்ணாச்சியும் பின்னால் நின்று தள்ளினோம். அந்த அம்மா இறங்கவே இல்லை. "மெதுவாத் தள்ளுங்கப்பா, முதுகு வலிக்குது" என்று மட்டும் சொன்னார்.

லாட்ஜ் முதலாளி உச்சிமாகாளி அண்ணாச்சி மாடியில் நின்று பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டினால் பயமில்லை, திட்டாமல் போனால்தான் பயம்.

மே 14, புதன்

திருநெல்வேலியிலிருந்து வந்த மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மோட்டாரும் போச்சு, கன்ட்ரோலரும் போச்சு. வேற வண்டி வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "ரபீக்கு, சாரல் விழுந்து சீசன் தொடங்குறதுக்குள்ள வண்டி ஓடணும். வண்டி இல்லன்னா மேல காட்டேஜுக்கு எவன் ஏறுவான்? காட்டேஜப் பூட்டிட்டா மெயின்டனன்சுக்குத் தனி ஆளு எதுக்கு, நீயே சொல்லு."

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல்.

வீட்டுக்கு வந்தால் ஷார்ஜாவிலிருந்து சுஹைபின் போன். என் மனைவி நூர்நிஷாவின் தம்பி. அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், பாஸ்போர்ட் காப்பி அனுப்பச் சொல்கிறான். யோசிக்கிறேன் என்றேன். என்னத்தை யோசிக்க? நான் அங்கே வேலையை விட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகள் ஹஃப்சா இப்போதுதான் கூச்சமில்லாமல் என்னிடம் சண்டை போடுகிறாள்.

மே 15, வியாழன்

சாப்பிடும்போது நூர்நிஷாவிடம் வண்டி விஷயத்தைச் சொன்னேன். சுஹைப் விஷயத்தைச் சொல்லவில்லை.

"பேட்டரியப் பாத்தாகளா மச்சான்?"

"மீட்டர் வச்சுப் பாத்தாரு. ஆறும் சரியாத்தான் காட்டுச்சு."

"வண்டி நிக்கும்போது வச்சாகளா, மேடு ஏறும்போது வச்சாகளா?"

"நிக்கும்போதுதான்" என்றேன். மாமனார் மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு தென்காசியில் அவருடைய இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையை இவள்தான் நடத்துகிறாள். கடை நல்லா போகுதா என்று வருஷக்கணக்கில் போனில் கேட்டிருக்கிறேன். ஒரு நாளாவது அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா? இல்லை. குற்றாலத்து வண்டிக்குத் திருநெல்வேலியில் ஆள் தேடிய புத்திசாலி நான்.

மே 18, ஞாயிறு

கடைக்கு லீவு என்பதால் நூர்நிஷா லாட்ஜுக்கு வந்தாள். முந்தின ராத்திரியே முழுசாக சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தாள். நிற்கும்போது மீட்டர் வைத்தாள். ஆறும் நல்ல பிள்ளைகள்.

"இப்ப வண்டி நிறைய ஆளு வேணும்" என்றாள். சமையல்கட்டே காலியாகி வந்து ஏறிக்கொண்டது. மீட்டர் வயரை சீட்டுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பேட்டரியாக மீட்டரை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை மேடு ஏறினோம். கடற்கரை அண்ணாச்சி ஓட்ட, சமையல்காரர்கள் கும்மாளம் போட, இவள் மட்டும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலாவது பேட்டரிக்கு எட்டு வோல்ட்டில் நின்ற முள், பாதி மேட்டில் ஐந்துக்கும் கீழே விழுந்தது. வண்டி முனகிக்கொண்டு நின்றது.

"சும்மா இருக்கும்போது நல்லாத்தான் இருக்கும். பாரம் ஏறுனாத்தான் தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பேட்டரியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மூடியைத் திறந்து, குழாய் மாதிரி ஒரு கருவியால் உள்ளே இருந்த ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தாள். அதில் மிதக்க வேண்டிய மிதவை அடியில் கிடந்தது; ஆசிட்டில் வீரியம் இல்லையாம். மற்ற ஐந்திலும் அரைகுறையாகத்தான் மிதந்தது.

"அண்ணாச்சி, இதுல என்ன தண்ணி ஊத்துவீக?"

கடற்கரை அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பெருமை. "கடைத் தண்ணிய நம்ப முடியுமா தாயி? வாரம் தவறாம ஐந்தருவிக்குப் போயி நானே பிடிச்சிட்டு வாரேன். மூலிகைத் தண்ணில்லா! மனுசனுக்கே நோவு தீருது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏலே, பேட்டரிக்குத் தீர்த்தமா! வாயைத் திறக்கப் போனேன். நூர்நிஷா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"மனுசனுக்கு நல்லதுதான் அண்ணாச்சி. கல்லு, மண்ணு, வேருன்னு எல்லாச் சத்தையும் கரைச்சிட்டு வருதுல்ல? பேட்டரிக்குச் சத்தே ஆகாது. ஒண்ணுமே இல்லாத தண்ணிதான் வேணும். டிஸ்டில்டு வாட்டர் நான் குடுத்து விடுதேன்."

அவர் முகம் வாடிவிட்டது. முதலாளி வந்து கேட்டபோது இவள், "பேட்டரிக்கு வயசாயிட்டு அண்ணாச்சி. தேதியப் பாருங்க. மோட்டாருக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லை, தேதி பழசுதான். அருவித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடற்கரை அண்ணாச்சி துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒருத்தி என்று தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?

மே 19, திங்கள்

சண்டை. ரொம்ப மோசமான ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா, இந்த சீசன் முடியும் வரைக்கும் ஓடினால் சரி என்றேன். பழசோடு புதுசைக் கோத்தால் பழசு புதுசையும் இழுத்து விழத்தட்டும், மாற்றினால் ஆறையும் மாற்றணும் என்றாள். முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சீசன் முடியுற வரைக்கும் ஓடுனா யாருக்குப் போதும்? பொறவு நின்னா நீங்க பிளேன் ஏறிருவீக. சுஹைபு எங்கிட்டச் சொல்லிட்டான். எனக்கு அரைகுறை வேல வேண்டாம் மச்சான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது — தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறாள். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மே 20, செவ்வாய்

அவளே முதலாளியிடம் பேசினாள். ஆறுக்கும் சரி என்றுவிட்டார். நான் பேசியிருந்தால் ஒன்றுக்கே மூக்கால் அழுதிருப்பார்.

மே 22, வியாழன்

புது பேட்டரி வந்தது. தொடங்கும் முன் நூர்நிஷா வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றினாள். கடைசியில் கழுத்தில் தாலிபோல் கிடக்கும் கருகமணியையும் கழற்றி என் கையில் வைத்தாள். "குனியும்போது கம்பியில பட்டா தீப்பொறி பறக்கும். பிடிங்க."

ஸ்பேனருக்கு டேப் சுற்றியிருந்தாள். வயர் எது எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டாள். முதலில் நெகட்டிவைக் கழற்றினாள். தூக்குவதும் இறக்குவதும் நானும் கடற்கரை அண்ணாச்சியும். பச்சை பூத்துக் கிடந்த வயர் முனைகளைச் சமையல்கட்டு ஆப்பச் சோடாவால் தேய்த்தாள். ஒவ்வொரு நட்டையும் முறுக்கிவிட்டு, அசைத்துப் பார்த்து, மறுபடி முறுக்கினாள். அவசரமே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

முடிந்ததும் கையெல்லாம் கறுப்பு. திரும்பி நின்று, "கட்டி விடுங்க" என்றாள்.

நிக்காஹ் அன்று கருகமணி கட்டியது என் அக்கா ராபியா. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு அதில் வேலையில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. கொக்கி மாட்ட வரவில்லை, இரண்டு தடவை நழுவியது. "பேட்டரி மாத்துறதவிட லேட்டாவுதே" என்று அவள் சொல்ல, அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

மே 25, ஞாயிறு

சாரல். காட்டேஜ் எல்லாம் ஆள். வண்டி முனகாமல் ஏறுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

நூர்நிஷா லாட்ஜில் மாசச் சோதனைக்கு வந்தாள். இன்வெர்ட்டர்களையும் இனி அவளே பார்க்கணுமாம், முதலாளி சொல்லிவிட்டார். கடற்கரை அண்ணாச்சி டிஸ்டில்டு வாட்டர் கேனைப் பூட்டி வைத்து, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்திருக்கிறார்.

சுஹைப் அவள் இருக்கும்போதே கூப்பிட்டான். வரவில்லை என்றேன். அவள் பேட்டரி மூடியைத் திறந்துகொண்டே இருந்தாள், நிமிரவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

கருகமணி அப்போது என் சட்டைப் பையில். வேலை முடிந்ததும் வந்து திரும்பி நின்றாள். இந்தத் தடவை சட்டென்று மாட்டிவிட்டேன். கொக்கி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. தென்காசி போகும்போது மாற்ற வேண்டும்.