எண்பத்தொன்றில் பிறந்த கிட்டார்

அக்கா,

கிட்டாரின் கழுத்தைக் கழற்றியாகிவிட்டது. நீ வேண்டாம் என்று தடுத்த வேலைதான், ஆனால் நான் செய்யவில்லை. போன வாரம் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வந்தது. பழவங்காடியில் இசைக்கருவி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால், கழுத்து லேசாக வளைந்திருக்கிறது என்று பின்பக்கத்து நான்கு திருகாணிகளையும் கழற்றி, உடம்பு வேறு கழுத்து வேறாக மேசைமேல் வைத்திருக்கிறார். பழைய வார்னிஷும் துருவும் கலந்த ஒரு வாசனை.

"சாரே, இதோட ஜாதகம் கிட்டி, கேட்டோ" என்று சிரித்துக்கொண்டே கழுத்தின் அடிப்பகுதியைத் திருப்பிக் காட்டினார். உடம்புக்குள் பொருந்தி மறைந்திருக்கும் அந்த இடத்தில் ஊதா மையில் சின்னதாக ஒரு முத்திரை. ஜப்பானிய எழுத்து இரண்டு, பக்கத்தில் 81 என்ற எண். செய்த வருஷம்.

உனக்குக் கல்யாணம் எழுபத்தொன்பதில். அதற்கு முந்தைய வாரமே உன் கிட்டார் வீட்டைவிட்டுப் போய்விட்டது. எண்பத்தொன்றில் செய்தது எப்படி உன்னுடையதாக இருக்க முடியும்? இத்தனை வருஷம் நான் உறை தைத்துப் போட்டு, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது யாருடைய கிட்டாரையோ. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள், கழுத்தைத் திரும்ப மாட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னுடையது சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது. நடுவில் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு, மேலே இரண்டு கொம்பு, தந்திகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் மூன்று பிக்கப், அவற்றை மாற்ற ஒரு வரிசை சுவிட்ச். ஆரியசாலையில் பாத்திரக்கடைக்காரர் மகள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயில் திருவிழா மேடையில் கானமேளாவில் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறாள் என்றால் தெருவில் பேசாமல் இருப்பார்களா? பேசினார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா போட்டுக்கொண்டார். கல்யாணம் நிச்சயமானதும், "வீணைன்னா மாப்பிள்ளை வீட்டுக்குக் கூடவே அனுப்பலாம். இதை என்னன்னு சொல்லி அனுப்ப?" என்றார். விதுரையிலிருந்து மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவர் கடைக்குப் பாத்திரம் வாங்க வருவார். அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தந்தியை அழுத்துவதற்காக எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும் இடதுகை நகங்களை வளரவிட்டாய், அவ்வளவுதான். கல்யாண போட்டோவில் அந்த நகங்களுக்கு மருதாணி வைத்திருக்கிறாய். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதன் பிறகு தொண்ணூறுகளின் கடைசியில்தான் நீ அதைப் பற்றிக் கேட்டாய். நாகர்கோவிலிலிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து, ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் என் வீட்டில் தங்கியிருந்தாய். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்.

"எடா, அந்தக் கிட்டாரு இப்போ எங்க கெடக்கோ?"

"தேடிப் பாக்கட்டா?"

"சும்மா கேட்டேன். நீ உடனே பஸ் ஏறிராதே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏறினேன். மைக்செட்காரருக்கு நல்ல வயதாகிவிட்டது. அப்பாவின் பேரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து கிட்டார் வந்தது. அதே சிவப்பு, அதே கொம்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு காரியம் உண்டு. ஒண்ணுபோல ரெண்டு இருந்து. ஒண்ணு உங்க அச்சன் தந்தது, மற்றது நான் பின்னே வாங்கினது. ஒண்ணைப் புனலூர்க்காரன் ஒருத்தன் கொண்டுபோயி. ஏது போச்சு, ஏது இருக்குன்னு எனக்கு அத்ர உறப்பில்லை."

பொய் சொல்லித் தலையில் கட்டியிருக்கலாம். நல்ல மனுஷன், நிச்சயமில்லை என்பதை நிச்சயமாகச் சொல்லிவிட்டார்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. சாலைக் கடைத்தெருவில் சுவிட்சும் ஒயரும் விற்கிறவன், லேபிள் பார்க்காமல் ஒரு பல்பைக்கூடத் தொடமாட்டேன். "சாமியே வந்து நின்னாலும் நீ பின்பக்கம் திருப்பி முத்திரை இருக்கான்னு பாப்படா" என்று கேலி செய்வாய். கிட்டாரின் தலையிலிருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ பெயர்ந்துபோயிருந்தது. விதுரையிலிருந்து நேராக என் கடைக்குக் கொண்டுபோய் நாலா பக்கமும் போட்டோ எடுத்தேன். பிரவுசிங் சென்டர் பையனைப் பிடித்து, பழைய கிட்டார் சேகரிக்கும் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினேன். பதில் வந்தது. தலையின் வடிவத்தையும் சுவிட்ச் வரிசையையும் வைத்து மாடல் எது என்று சொல்லிவிட்டார், ஜப்பானில் செய்தது. ஆனால் அதே மாடலைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மாற்றமில்லாமல் செய்தார்களாம். எந்த வருஷத்தது என்று தெரிய வேண்டுமானால் கழுத்தைக் கழற்றி அடியில் பார், வேறு வழியில்லை என்று எழுதியிருந்தார்.

அதன் பிறகுதான் கிட்டாரைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். இரண்டு கிட்டார் கதையையும் மறைக்காமல் உன்னிடம் சொன்னேன். நீ கட்டிலில் உட்கார்ந்தபடியே கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். தந்தியைத் தொடவில்லை. முதலில் கவிழ்த்தாய். பின்பக்கத்தில், அந்தத் திருகாணித் தகட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் தேய்த்தாய். கொஞ்ச நேரம் தேய்த்தாய். பழைய பொருளைக் கொஞ்சுகிறாய் என்று நினைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்து, "இதுதான்டா" என்றாய்.

"உறப்பா?"

"என் சாதனம் எனக்குத் தெரியாதா?"

"அஞ்சு நிமிஷம்க்கா. வருஷத்தைப் பாத்திரலாம். இல்லைன்னா புனலூர்ல போய்..."

"கழுத்தைத் திருகாதே. வந்தது வந்தாச்சு. புனலூருக்கும் போகாண்டாம், ஒரு எடத்துக்கும் போகாண்டாம்."

ஸ்க்ரூடிரைவரைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! அத்தானுக்குப் போன் போட்டுச் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன். நீ நகங்களை வெட்டித்தரச் சொன்னாய். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்கும் சத்தத்தில் சாயங்காலங்களில் வாசித்தாய். வீங்கிய விரல்களுக்குப் பாதிப் பாட்டுதான் வந்தது. அடுத்த மழைக்கு நீ இல்லை.

இந்த நவராத்திரிக்கு, புத்தகங்களோடு இதையும் பூஜையில் வைத்தோம். 81 என்று தெரிந்த பிறகும் ஒதுக்கி வைக்க மனசில்லை. என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து முன்பக்கம் பொட்டு வைக்கக் குனிந்தாள். "முன்னால வேண்டாம், மேடையில தெரியும். பின்னால வை" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அது என் பேச்சு இல்லை. உன் பேச்சு.

நீதான் ஒவ்வொரு வருஷமும் கிட்டாரைக் கவிழ்த்து, தகட்டுக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பாய். விஜயதசமியன்று நான் பிடித்துக்கொள்ள, நீ ஈரத்துணியால் துடைப்பாய். போகாது. குங்குமம் வார்னிஷுக்குள் இறங்கி, காலணா அகலத்துக்குச் சிவப்பாக, தொட்டால் சொரசொரப்பாக நின்றுவிட்டது. வீட்டில் தையல் மிஷின், சைக்கிள், தராசு என்று எல்லாவற்றுக்கும்தான் பொட்டு. அதில் இது எனக்கு மறந்தேபோயிருந்தது. உனக்கு மறக்கவில்லை. கட்டைவிரலால் நீ தேடியது அதைத்தான். கைக்கு வழவழவென்று சுத்தமான மரம்தான் தட்டுப்பட்டது. உடனே "இதுதான்" என்றாய்.

எனக்குக் கோபம்தான் வருகிறது, அக்கா. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் காலையிலேயே புனலூரில் நின்றிருப்பேன். நாள் இருந்தது. தம்பி அலைவானே என்று பார்த்தாயா, என் முகத்தைப் பார்த்தாயா? அப்பா கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை, நான் கொண்டுவந்தபோதும் உனக்காக வாயைத் திறக்கவில்லை. போன வாரமே விதுரைக்குப் போய்ப் பார்த்தேன். மைக்செட்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், கடை இருந்த இடத்தில் பேக்கரி. அந்தப் புனலூர்க்காரனின் பெயரைச் சொல்ல ஆளில்லை. எங்கோ ஒரு மூலையில் உன் குங்குமத்தோடு அது கிடக்கிறது, அல்லது விறகாகிவிட்டது.

நேற்று விஜயதசமி. பூஜையிலிருந்து கிட்டாரை எடுத்துக் கவிழ்த்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. என் மனைவி ஈரத்துணியை நீட்டினாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். இது உன்னுடையது இல்லை, ஆனால் நீ கடைசியாக வாசித்தது இதைத்தான். இனி வருஷாவருஷம் அதே இடத்தில் வைப்பேன், துடைக்கமாட்டேன். இன்னொரு கட்டைவிரல் வந்து தேடினால், அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது.