சிவப்பு விளக்கு எரியும்போது

செவ்வாய், காலை 6.10
காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி பாதி. நிலாக் குடியிருப்பில் இப்போது நான் ஒருத்திதான், சமையற்காரி ஞானசெல்வம். பள்ளி அறைச் சுவர் விரிசல் விட்டுக் காற்று போய், டீச்சரும் ஒன்பது பிள்ளைகளும் இறந்தார்கள். என் மகள் ஜெசிந்தாவும் அதில் ஒருத்தி. மற்றவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அவள் பிடித்திருந்த கேமரா அந்த அறைக்குள் கிடக்கிறது. அவள் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். அதற்காக அடுத்த கப்பலுக்கு நின்றுகொண்டேன்.

செவ்வாய், மாலை 5.40
பூமியிலிருந்து ஸ்டீபன் பேசினான், எங்கள் ஊர்ப் பையன்.
"ஞானக்கா, சாப்ட்டியளா? வியாழக்கிழம கப்பல் வந்துரும். பள்ளிக்கூட ஆபீசுல பெத்தவியகிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொல்லுதாவ. வகுப்புல பிள்ளையளே கேமரா வச்சிப் படம் எடுக்கலாமா, கூடாதா? மத்தவிய எல்லாரும் சொல்லியாச்சி. நீங்கதாம் பாக்கி."
எடுக்கலாம் என்றுதான் வாயில் வந்தது. ஜெசிந்தாவுக்குக் கணக்கு ஏறாது. தான் படம் பிடித்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் தேறினாள். ஆனால் கேமராவைக் கண்டதும் தலைவாரிக் கூத்தடிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதனால் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் படம் பிடிக்கிற பிள்ளை பேசக்கூடாது.
பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

புதன், பகல் 11.20
விண்வெளி உடை மாட்டிப் போய்க் கேமராவை எடுத்துவந்தேன். பார்த்தேன்.
அவள் முகமே இல்லை. படம் பிடிக்கிறவள் படத்தில் எப்படி இருப்பாள்? எனக்கு இது தோன்றவே இல்லை. மூச்சுதான் கேட்கிறது.
பாடம் நடக்கிறது. கேமரா மெல்லத் திரும்பிச் சுவர் மூலைக்குப் போகிறது. அங்கே ஒட்டியிருந்த தாள் சுவர் விரிசலுக்குள் இழுபட்டு நடுங்குகிறது.
"ஏட்டி ஜெசி, என்னப் பாத்து எடு" என்கிறார் டீச்சர்.
திரும்புகிறது. மறுபடி மூலைக்கே போகிறது.
"அங்க என்னட்டி, ஒன் மாமியாளா நிக்கா?"
பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூன்றாவது தடவை மூலையிலேயே நின்றுவிட்டது. ஒரு விரல் முன்னால் வந்து சுட்டிக்காட்டுகிறது. கடித்த நகம். என் பிள்ளை விரல்.
ஒருவரும் பார்க்கவில்லை. அவளும் பேசவில்லை. சொன்ன சொல் தட்டாதவள்.

வியாழன், காலை 9.00
"ஞானக்கா... கப்பல் பாதியில திரும்பிட்டு. எஞ்சின் கோளாறாம். என்னத்தச் சொல்ல... கேக்குதா?"
கேட்டது. அடுக்களைச் சுவரிலும் காற்று கசிகிற சீறல். விரிசலை அடைக்கிற ஒட்டுப் பட்டை தீர்ந்துவிட்டது. மாவு பிசைந்து அப்பினேன். நிற்கவில்லை.
ஸ்டீபனுக்குப் பதில் சொன்னேன். கேமரா கொடுங்கள், பிள்ளை வாயைக் கட்டாதீர்கள் என்று. போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

வெள்ளி
நேரம் தெரியவில்லை. எழுத வரவில்லை, கேமராவில் சொல்கிறேன். கேமராவைச் சுவர்ப் பக்கம் வைத்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. நான் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன்.
ஜெசி, அம்மா பாத்துட்டேன் மக்கா. மூலையிலதான இருக்கு? பாத்துட்டேன். பேசு. ஒன்ன யாரும் ஏசமாட்டாவ. பே