சோபா வேண்டாம், வள்ளம் பேசுங்கள்

மும்பை

ஜெஸ்லின் அப்பாவுக்கு, மெட்டில்டா எழுதுவது. மாதா கிருபையில் நான் சுகம். உங்களுக்கு இருமல் நின்றதா? பேத்தி அனிஷா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். நான் பிள்ளை பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டு டாக்டரம்மா கிறிஸ்துமஸுக்குத் தனியாகக் கொடுத்த பணத்தில் சோபா வாங்கலாம் என்கிறீர்கள். கல்யாணமான வருஷமும் இப்படித்தான். வள்ளத்தில் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்கு வைத்திருந்த பணத்தில் ரேடியோ வாங்கிவந்தீர்கள். நான் புதுச்சேலை கட்டி, கட்டுச்சோற்றோடு வாசலில் நின்றேன். அது எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் கடலுக்குப் போனீர்கள், ஒருநாள்கூட என்னை ஏற்றவில்லை.

போன ஞாயிறு இவர்கள் படகுச் சவாரிக்கு எனக்கும் டிக்கெட் எடுத்தார்கள். தலை சுற்றுகிறது என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதீர்கள், தலை சுற்றவில்லை.

"கடற்கரைக்காரிக்குக் கடலைக் கண்டா பயமா?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"பயமெல்லாம் இல்லம்மா. மொதத் தடவ எங்க வீட்டுக்காரரு கூடத்தான் ஏறணும்" என்றேன்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். ஈஸ்டருக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு வில்பிரட்டிடம் வள்ளம் பேசி வையுங்கள். அவன் ஓட்டட்டும், நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதும்.

பிள்ளை முழித்துவிட்டான்.

மெட்டில்டா