மூன்றாவது பாட்டின் வேகம்

அக்கா,

இன்று பரணிலிருந்து பவானி ஜமுக்காளத்தை இறக்கினேன். உதறியதும் அந்துருண்டை வாசம் வீடெங்கும் பரவியது. கூடவே சோமனூரில் இருந்த உங்கள் முன்னறையும் கண்முன் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. நீங்கள் இருந்தபோது முழுதாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரே சுவருக்கு இருபுறமும் நாம் குடியிருந்தோம். பகலெல்லாம் விசைத்தறிக்கு நூல் சுற்றிவிட்டு, சாயங்காலம் பியானோ வாசிப்பீர்கள். உங்கள் அப்பா மலைத்தோட்டத்து பங்களாவில் சமையல் வேலை பார்த்தபோது, அந்த வீட்டு அம்மாள் உங்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஊரைவிட்டுப் போகையில் கொடுத்துச் சென்ற பியானோ அது. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர் வேலை காலியாக இருப்பது தெரிந்ததும் நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாசிப்பைப் பதிந்து கேசட் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்டுடியோ நமக்குக் கட்டுப்படியாகாது. இருந்தது என் டேப்ரிக்கார்டர்தான். தெருவிலோ எங்கும் தறிச் சத்தம்.

"கரண்டு போனாத்தான் அம்மணி தறி நிக்கும். மாசத்துல ஒரு நாள் பகல்ல நிறுத்தறாங்கல்ல, அன்னிக்குப் பண்ணிப்போடலாம்" என்றீர்கள்.

அந்த நாளில் தறிகள் ஓய்ந்ததும் காது அடைத்ததுபோல் இருந்தது. என் ஜமுக்காளத்தை ஜன்னலில் தொங்கவிட்டோம். எதிரொலி அடங்க உங்களுடையதை எதிர்ச்சுவரில். சர்ச்சில் இரவல் வாங்கிய மைக்கைப் பியானோமேல் வைத்துப் பார்த்தோம்; கட்டைகள் இடிக்கும் ஓசைதான் பதிந்தது. நான்கடி தள்ளி, முக்காலியில் தலையணை போட்டு வைத்ததும் ஒலி தெளிந்தது.

"பேட்டரி புதுசுதானே அம்மணி?"

"புதுசுதானுங்க்கா."

பொய். அந்த வாரம் முழுக்க அதில் பாட்டுக் கேட்டிருந்தேன்.

மூன்று பாட்டு வாசித்தீர்கள். முடித்ததும் கைகளை மடியில் வைத்து, "இதுக்கு மேல எனக்கு வராது" என்றீர்கள். கேட்டுப்பார்க்கச் சொன்னபோது மறுத்துவிட்டீர்கள். "கேட்டா அனுப்ப மனசு வராது. நீயே கேட்டுப்போட்டு அனுப்பீரு."

கரண்ட் வந்தபின் என் வீட்டில் கேட்டேன். முதல் இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவதில் பாதிக்குமேல் வாசிப்பு ஓடத் தொடங்கியது. பேட்டரி இறங்கி, பதியும்போது டேப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. கரண்டில் போட்டதும் அது வேகமெடுத்துவிட்டது. அடுத்த மின்தடைக்கு ஒரு மாதம் இருந்தது. கடைசித் தேதியோ அதற்கு முன்பே. உங்களிடம் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பீர்கள்.

"எப்படி இருக்குது அம்மணி?" என்று வாசலில் வந்து கேட்டீர்கள்.

"அருமைங்க்கா" என்று சொல்லி உறையை ஒட்டினேன்.

வாசிப்பில் உயிர் இருக்கிறது, ஆனால் வேகம் ஒரே சீராக நிற்கவில்லை, முடிவை நோக்கி ஓடுகிறது என்று மறுத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பதில் வந்தது. கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினீர்கள்.

"எனக்கு எப்பவுமே அவசரந்தான் அம்மணி. நூல் சுத்துன கையில்ல?"

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் விரல்களை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கீபோர்டை மெதுவாக, இன்னும் மெதுவாக வாசித்தீர்கள். பாடியவர்களுக்கு மூச்சு முட்டியது. யாரோ முணுமுணுத்தார்கள், அதையும் விட்டுவிட்டீர்கள். வீட்டுப் பியானோவின் மூடிமேல் துவைத்த துணிகள் அடுக்கப்பட்டன. சாயங்காலங்களில் சுவருக்கு இந்தப் பக்கம் நான் காத்திருப்பேன். தறிச் சத்தம் மட்டும் வரும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நீங்களாகவே கேட்டீர்கள். "அன்னிக்கு நெசமாவே நான் ஓடிப்போயிட்டனா அம்மணி?"

"இல்லீங்க்கா. நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க. பேட்டரிதான் பழசுங்க."

என் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தீர்கள். "ஆறுதலுக்குன்னு எதையாவது சொல்லாத, கண்ணு."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். புதுசு என்று பொய் சொன்னதையும், கேட்டுவிட்டே அனுப்பியதையும் சொல்லி நம்பவைத்திருக்கலாம். நான் போர்வையைச் சரிசெய்தேன். நீங்கள் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்குள் முதலில் வந்தது துக்கமில்லை அக்கா, நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.